விண் பூட்டின எட்டுமூலைப் பட்டம்: பேரப்பிள்ளையளுக்கு வேண்டிக் குடுக்கலாமா?

மார்கழி லீவுக்கு வெளிநாட்டில இருந்து பேரப்பிள்ளையள் வந்து நிக்கிற யாழ்ப்பாணத்து வீடுகளுக்குத்தான் முக்கியமா இதை எழுதுறன். அதுகளுக்கு என்னத்தை வேண்டிக் குடுக்கிறது எண்டு அப்பப்பா அப்பம்மாமார் மண்டையைப் போட்டு உடைக்கிற காலம் இது. டவுனுக்குப் போய் பற்றறி போட்ட காரும் துவக்கும் வேண்டாதேங்கோ, அதெல்லாம் அதுகள் அங்கயே கண்டு அலுத்துப் போச்சுதுகள். விண் பூட்டின பட்டம் ஒண்டு வேண்டுங்கோ. ஏலுமெண்டால் எட்டுமூலை. நாங்கள் வேண்டினம், வீடு ரெண்டுபட்டுப் போச்சு, நல்ல விதமாத்தான் சொல்லுறன்.

இந்தியாவில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு விண் என்னெண்டு தெரியாமல் இருக்கலாம். மூங்கிலை மெல்லிசாச் சீவி வில்லு மாதிரி வளைச்சு, ரெண்டு நுனிக்கும் இடையில தட்டையான நாரை இழுத்துக் கட்டி, அதைப் பட்டத்தின்ர தலைப்பக்கத்தில பூட்டுறது. பட்டம் மேல போய் காத்துப் பிடிச்சவுடன அந்த நார் துடிக்கத் தொடங்கும், பிறகு ஒரே கூவல்தான், காத்து நிக்குமட்டும் அது நிக்காது. தூரத்தில இருந்து கேட்டா ப்ளேன் வாறமாதிரி இருக்கும். அப்பாவின்ர சின்ன வயசில பனை மட்டையில நார் உரிச்சுத்தான் கட்டுறவையாம், இப்ப கடைப்பெட்டியள் கட்டி வாற பார்சல் நார் தான் எல்லாரும் போடுறது, மழைக்கும் பழுதாகாது, சத்தமும் நல்லா வரும்.

எங்கட வீட்டுக்கு வந்தது அண்ணா குடும்பம், ரொறன்ரோவில இருந்து. மூத்தவனுக்கு 11 வயசு, சின்னவளுக்கு 7. வந்த புதுசில ரெண்டும் வாயே திறக்கேல்ல. ஃபோனும் கையுமா விறாந்தையில இருக்குங்கள், அப்பா ஏதாவது கேட்டா "ஓகே", "யா" எண்டு ஒரு சொல்லு, அதோட கதை முடிஞ்சுது. அப்பா பாவம் தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில ஸ்கூல் எப்பிடி, ரீச்சர் எப்பிடி எண்டு கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனார். ரிமோற் கார் ஒண்டு டவுனில ஒரு கடையில நல்ல விலை குடுத்து வேண்டிக்கொண்டு வந்தவர், அதுவும் பின்னேரம் வரைக்கும் கத்திப்போட்டு சார்ஜ் ஏறமாட்டன் எண்டு படுத்திட்டுது, மாத்தித் தாங்கோ எண்டு கொண்டுபோனா பெட்டி பிரிச்சது, எடுக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். அண்டு இரவு அப்பாவின்ர முகத்தைப் பாக்க எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. அடுத்த நாள் விடியக் காலமை எழும்பி "வடமராட்சிக்குப் போறம், பிள்ளையளையும் வெளிக்கிடுத்து" எண்டார், அவ்வளவுதான் சொன்னவர்.

யாழ்ப்பாணத்தில பட்டம் எண்டா வடமராட்சிப் பக்கம்தான், அதில மறுபேச்சு இல்லை. வல்வெட்டித்துறைப் பக்கம் கார்த்திகை கடைசியில இருந்தே ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலயாவது முத்தத்தில மூங்கில் சீவிக்கொண்டு இருப்பினம். போர்ட் ஒண்டும் இருக்காது, ஆரிட்டயும் கேட்டா கை காட்டுவினம். நாங்கள் போன வீட்டிலயும் அப்பிடித்தான், கட்டுறவர் நடுத்தர வயசுக்காரர், விறாந்தை முழுக்க கொக்கு, பிராந்து, வௌவால், படலம் எண்டு விதம் விதமான பட்டங்களைத் தொங்கவிட்டிருந்தார், கோதுமை மாப் பசை காயாமல் கையெல்லாம் வெள்ளை. சின்னவள் கொக்கைப் பாத்திட்டு அசையவே இல்லை, அவளுக்கு அதுதான் வேணுமாம். ஆனா அப்பாவுக்கு எட்டுமூலை, அதுவும் விண்ணோட. காரணமும் சொன்னார், எட்டுமூலை காத்தில அங்க இங்க ஓடாமல் ஒரு இடத்தில நிண்டு பிடிக்குமாம், விண் பாரத்தையும் தாங்குமாம், பிள்ளையள் பிடிக்கிறதுக்கு அதுதான் சரி எண்டு. கடைசியில ரெண்டும் வேண்டினது, கொக்கு சின்னன்.

விண் தெரிவு செய்த விதத்தை நான் கட்டாயம் எழுதோணும், ஏனெண்டா வேண்டப் போற ஆக்களுக்கு இதுதான் முக்கியம். கட்டுறவர் ஒரு விண்ணை எடுத்து கயித்தில கட்டி தலைக்கு மேல சுழட்டிக் காட்டினவர். அது கீச்செண்டு கத்திச்சுது. எனக்கு அதே பெரிய விசயமா இருந்தது, மூத்தவன் ஃபோனைக் கீழ விட்டிட்டான். அப்பா தலையை ஆட்டிப்போட்டு, "தம்பி, இது கீச்சிடுது, எனக்கு அடித்தொண்டையில கூவுறது வேணும்" எண்டார். அவர் சிரிச்சுப்போட்டு, "ஐயா, இதை இன்னும் இளக்கினா பெருங்காத்துக்கு நார் படபடக்குமே தவிர கூவாது, பொறுங்கோ, அகல நார் போட்டுத் தாறன்" எண்டு நாரைக் கழட்டி, வேற ஒண்டை வெட்டி, நகத்தால நீவி நீவி முறுகல் எடுத்து, வில்லை முழங்காலில வைச்சு வளைச்சுக் கட்டினார். திரும்பச் சுழட்டினவுடன ஒரு ம்ம்ம்ம் எண்டு சத்தம் வந்துது பாருங்கோ, நெஞ்சுக்குள்ள கேட்டமாதிரி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு "ஆ, இது தான்" எண்டார். பிறகு மூத்தவனைக் கூப்பிட்டு கையில குடுத்து, "இஞ்ச பார் ராசா, நார் அகலமெண்டா தடிச்ச குரல், ஒடுக்கமெண்டா கீச்சுக் குரல், இறுக்கினா மேல போகும், இளக்கினா கீழ வரும்" எண்டு சொல்லிக் குடுத்தார். பொடியன் அங்க கிற்றார் கிளாசுக்குப் போறவன், டக்கெண்டு பிடிச்சிட்டான். அதுக்குப் பிறகு அந்த ரெண்டு பேரும் கதைச்ச கதையை என்னால நிப்பாட்ட முடியேல்ல.

காசு எண்டு பாத்தா, எட்டுமூலை விண்ணோட சேத்து 2000 ரூபாக்குள்ள முடிஞ்சுது, நூல் வேற. நாலு முழ ஐஞ்சு முழப் பட்டம், பெரிய படலம், லைற் பூட்டினது எண்டு போனா விலை எங்கயோ போகும், பிள்ளையளுக்கு அது தேவையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அந்த வாடைக்காத்து இழுக்கிற இழுவை லேசுப்பட்டதில்லை. 2021 டிசம்பர்ல பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஏத்தேக்க கயித்தைப் பிடிச்சுக்கொண்டிருந்த பொடியன் ஒருத்தனை அப்பிடியே மேல தூக்கிக்கொண்டு போன வீடியோ உலகம் முழுக்கப் போனது, பாத்திருப்பியள். பேரப்பிள்ளையின்ர உயரத்துக்கு மேல பட்டம் வேண்டாதேங்கோ, இது என்ர கண்டிப்பான அபிப்பிராயம்.

இனி ஏத்தின கதை. மைதானத்துக்குப் போனது பின்னேரம் மூண்டரை போல, மழை விட்டு ரெண்டு நாள் காய்ஞ்ச வெயில், வாடை நல்லா வீசுது. மூத்தவன் பட்டத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு தூரத்தில நிக்கிறான், அப்பா நூலோட இஞ்சால. அப்பாவுக்கு 74 வயசு, முழங்கால் நோ எண்டு கோயிலுக்குக் கூட ஓட்டோ பிடிக்கிற மனிசன். "விடு! விடு! விடு!" எண்டு கத்தினார் பாருங்கோ, மைதானத்தில கிரிக்கெட் விளையாடின பொடியள் எல்லாம் திரும்பிப் பாத்தவங்கள். முதல்தரம் ஏறி ஒரு சுத்துச் சுத்தி தலைகீழாக் குத்திச்சுது. அம்மா அங்கால கதிரையில இருந்தவ, "வால் காணாது, நான் வீட்டிலயே சொன்னனான்!" எண்டு எழும்பி வந்தா. கட்டின வால் பட்டத்தோட வந்தது தான், விண் பாரத்துக்கு அது போதேல்ல. அம்மா தன்ர பழைய நூல்சீலை ஒண்டை பையுக்குள்ள வைச்சிருந்திருக்கிறா, எடுத்து நுனியைப் பல்லால கடிச்சு சர்ரெண்டு நீளத்துக்குக் கிழிச்சா. அந்தக் கிழியிற சத்தத்துக்கே சின்னவள் துள்ளிக் குதிக்கிறாள், தானும் கிழிக்கோணுமாம். ரெண்டு பேரும் சேர்ந்து கிழிச்சு முடிச்சுப் போட்டு வால் நீட்டின பிறகு, அப்பா முச்சையையும் (நூலைப் பட்டத்தோட இணைக்கிற கயிறுகள்) ஒருக்கா பாத்து மேல் கயித்தைக் கொஞ்சம் குறுக்கிக் கட்டினார்.

அடுத்ததரம் ஏறினது தான், பிறகு இறங்கேல்ல. கொஞ்ச உயரம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை, பிள்ளையள் மேல பாத்துக்கொண்டு நிக்குதுகள், அப்பா நூலை விட்டுக்கொண்டே போறார், திடீரெண்டு பனை உயரம் தாண்டினவுடன கூவத் தொடங்கிச்சுது. "ஊஊஊ" எண்டு. மூத்தவன் கையை ரெண்டையும் தூக்கிக்கொண்டு கத்துறான், சின்னவள் பட்டத்தைப் போலவே ஊஊ எண்டு கூவிக்கொண்டு மைதானத்தைச் சுத்தி ஓடுறாள், அம்மா கை தட்டுறா, அப்பா "கூவுது பாத்தியளே, கூவுது பாத்தியளே" எண்டு திருப்பித் திருப்பி அதையே சொல்லுறார். கிரிக்கெட் பொடியளும் விளையாட்டை விட்டிட்டு வந்திட்டாங்கள். நூலை மூத்தவனிட்டக் குடுத்து அவன்ர கைக்குப் பின்னால தன்ர கையை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு, "இழு... இப்ப இளக்கு... இழு" எண்டு அப்பா சொல்லச் சொல்ல, இழுக்கேக்க சத்தம் ஏறுது, இளக்கேக்க இறங்குது, பொடியனுக்குப் பிடிபட்டவுடன அவன் அதிலயே பாட்டு வாசிக்கத் தொடங்கினான். வந்து இறங்கின நாளில இருந்து எங்களோட தமிழில ஒரு வசனம் முழுசாக் கதையாத பிள்ளை, "அப்பப்பா இன்னும் விடுங்கோ, இன்னும் மேல விடுங்கோ" எண்டு தமிழில கத்தினது அண்டைக்குத்தான். அண்ணா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு எடுக்காமல் விட்டிட்டு தானும் போய் நூலைப் பிடிச்சார்.

இப்ப குறையளும் சொல்லோணும், அப்பத்தான் ஞாயம்.

நூல் விசயத்தில கவனம். கட்டுறவர் தங்கூசி (தூண்டிலுக்குப் போடுற நரம்பு) தான் எடுத்துத் தந்தவர், அது விலை குறைவு, காத்துக்கும் நல்லா வெட்டும், ஆனா பிள்ளையின்ர கையையும் வெட்டும். நாங்கள் நைலோன் நூல் தடிப்பா எடுத்தம், அதோட பிள்ளையளுக்கு கையுறை போட்டம். இல்லாட்டி பழைய துணியை விரலில சுத்தி விடுங்கோ. மாஞ்சா போட்ட நூல் கேக்கவே வேண்டாம்.

ரெண்டாவது மழை. மார்கழியில எந்த நேரம் இருட்டும் எண்டு தெரியாது, ரிசு பேப்பர் ஒரு தூத்தலுக்கே ஊறிப் பிஞ்சிடும். பொலித்தீன் ஒட்டினது தாங்கும், ஆனா வடிவு எண்டா பேப்பர் தான், வெயில் பின்னால அடிக்கேக்க அந்தச் சிவப்பும் பச்சையும் தெரியிற மாதிரி பொலித்தீனில வராது. எங்கட கொக்கு அப்பிடித்தான் ஒரு மழையோட போச்சு, சின்னவள் அழுதாள், அப்பா இருந்து திரும்ப ஒட்டிக் குடுத்தார், ஒட்டேக்க பசையில ரெண்டு பேரும் குளிச்சிருந்தினம்.

கரண்ட் வயர் இருக்கிற ஒழுங்கையில ஏத்தவே கூடாது. வயரில மாட்டினா எவ்வளவு விலையெண்டாலும் விட்டிடோணும், தடியால தட்டி எடுக்கப் போய் உயிர் போன கதையள் எங்கட பக்கத்தில இருக்கு. பலாலி எயார்போர்ட்டுக்குக் கிட்ட இருக்கிற ஊர் ஆக்கள் அங்க ஏத்தாமல் தள்ளி வேற இடத்துக்குப் போங்கோ.

மற்றது சத்தம். சத்தத்துக்குத்தானே வேண்டினது எண்டு கேப்பியள், உண்மைதான், ஆனா இரவுச் சத்தம் வேற. எங்கட ஆக்கள் வழமையாச் செய்யிறமாதிரி அப்பா நூலைக் கொண்டுவந்து வளவுக்குள்ள பனையில கட்டி இரவுக்கும் விட்டிட்டார். காத்து நிக்கேல்ல, அதுவும் நிக்கேல்ல. பிள்ளையளுக்கு நித்திரையே இல்லை, யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு கேக்கிறதும் அப்பப்பாவின்ர கட்டிலுக்கு ஓடுறதும், "இப்ப குரல் மாறிட்டுது, ஏன்?" எண்டு கேக்கிறதும், அவர் "காத்து திரும்புதடா குஞ்சு" எண்டு சொல்லுறதும். எங்களுக்கு அது சந்தோசம். ஆனா பக்கத்து வீட்டில பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ சுகமில்லாத ஆக்களோ இருந்தா ஒன்பது மணிக்கு முதல் இறக்கிப்போடுங்கோ, நாங்களும் அடுத்த நாளில இருந்து அப்பிடித்தான் செய்தம். பகல் முழுக்க எவ்வளவும் கூவலாம், அயல் அட்டையும் சேந்து வந்து பாக்கும்.

அம்மாவின்ர பங்கையும் சொல்லாமல் விட ஏலாது. காத்து இல்லாத நாளில பட்டம் சும்மா தொங்கேக்க அவ பூவரசம் இலையைச் சுருட்டி நுனியைக் கொஞ்சம் நசுக்கி பீப்பி செய்து குடுத்தா, காசில்லாத சாமான், வேலியில இருக்கிறது. ரெண்டு பிள்ளையளும் அப்பம்மாவும் வரிசையில நிண்டு பீப்பி ஊதிக்கொண்டு வீட்டைச் சுத்தி ஊர்வலம் வர, அண்ணி காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. பொங்கல் அண்டு பால் பொங்கேக்க வெடி கொளுத்தினதும் அம்மா தான், தூரத்தில நிப்பாட்டி வைச்சுத்தான் கொளுத்தினவ. ஆனா விலை குடுத்து வேண்டினதில பாத்தா விண்ணுக்குக் கிட்ட ஒண்டும் வராது, ஏனெண்டா அது தானாச் சத்தம் போடுற சாமான் இல்லை. வால் கட்ட ஒரு ஆள் வேணும், முச்சை பாக்க ஒரு ஆள் வேணும், தூக்கிப் பிடிக்க ஒரு ஆள், நூல் பிடிக்க ஒரு ஆள். அதெல்லாம் தெரிஞ்ச ஆள் வீட்டில அப்பப்பா தான். ரிமோற் காரைக் குடுத்தா பிள்ளை அதோட தனிய இருக்கும், இதைக் குடுத்தா பிள்ளைக்கு அப்பப்பா தேவைப்படுவார். இதுக்காகத்தான் நான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

தைப்பொங்கல் வரைக்கும் பிள்ளையள் நிண்டா வல்வெட்டித்துறை பட்டத் திருவிழாவுக்கும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ, பொங்கலண்டு பின்னேரம் உதயசூரியன் கடற்கரையில நடக்கும், அந்த வானத்தில நிக்கிற பட்டங்களைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது, பாக்கத்தான் வேணும். சனமெண்டா சொல்லி வேலையில்லை, மத்தியானமே போனாத்தான் வாகனம் விட இடம் கிடைக்கும், வயசான ஆக்களுக்கு ஒரு சின்னக் கதிரையும் தண்ணியும் கொண்டு போங்கோ. அப்பாவும் மூத்தவனும் அங்க கண்ணை மூடிக்கொண்டு நிண்டு எந்த விண் எந்தப் பக்கத்தில இருந்து கூவுது எண்டு பந்தயம் பிடிச்சினம்.

ஆடி ஆவணியில வாற ஆக்களுக்கு இந்த வாடைக்காத்துச் சீசன் கிடைக்காது. அவை நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதிக் கடையள் போட்டிருக்கிற நேரத்தில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் ஊதுகுழல் வேண்டிக் குடுக்கலாம், பனை ஓலைக் கிலுகிலுப்பை கிடைச்சா இன்னும் நல்லம், கைக்குழந்தைக்கும் குடுக்கலாம்.

பட்டத்தை ப்ளேனில கொண்டுபோக ஏலுமோ எண்டு நிறையப் பேர் கேக்கினம். எட்டுமூலை சூட்கேசுக்குள்ள மடங்காது, அதை விட்டிட்டுப் போகத்தான் வேணும், எங்கட விறாந்தையில தொங்குது. விண்ணை மட்டும் நாரைக் கழட்டி வில்லை நிமித்தி உடுப்புக்கு நடுவில வைச்சு மூத்தவன் கொண்டு போட்டான், ஒரு பழுதும் இல்லாமல் போய்ச் சேந்துது. கோடை வந்தவுடன அங்க பார்க்கில சின்னப் பட்டம் ஒண்டில பூட்டப் பாக்கிறானாம், நார் எவ்வளவு இறுக்கிறது எண்டு வட்ஸ்அப்பில வீடியோ கோல் எடுத்து அப்பாவைக் கேக்கிறான், அப்பா ஃபோனைக் காதில வைச்சுக்கொண்டு "சுழட்டு, சுழட்டிக் காட்டு, கேப்பம்" எண்டு கத்துறார்.

வேண்டப் போற ஆக்கள் கார்த்திகையிலயே சொல்லி வைச்சிடுங்கோ, பொங்கல் கிட்ட வரேக்க கட்டுற ஆக்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, அவசரத்தில கட்டினதில முச்சை சரிவராது. பிள்ளையின்ர வயசைச் சொல்லுங்கோ, விண்ணை உங்கட முன்னால சுழட்டிக் காட்டச் சொல்லுங்கோ, உதிரியா ரெண்டு நார் கேட்டு வேண்டுங்கோ, அதுக்கு எங்களிட்ட அவர் காசும் எடுக்கேல்ல. பழைய நூல்சீலை ஒண்டு வீட்டில இருந்தா எறிஞ்சு போடாதேங்கோ.